ஹவுஸ் சர்ஜனுக்குத் தர மேம்பாடு சொல்லிக்கொடுப்பது எப்படி? கேள்வி பதில்

பச்சிளம் குழந்தைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஹவுஸ் சர்ஜன் என்னும் பயிற்சி மருத்துவர்களுக்குத் தர மேம்பாடும் சொல்லிக்கொடுக்கிறேன். கொங்குப் பக்கத்திலிருந்து வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஹவுஸ் சர்ஜன், ஈரோடு: மேடம், ஆடிட்டும் தர மேம்பாடும் ஒண்ணுதானுங்களா?

இல்லை தம்பி. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பழுதான பீஸை ஒதுக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். ஆனால் நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழுந்துகொண்டே இருக்கும். எத்தனை பீஸ் பழுது என்று ஆடிட் சொல்லும். ஊசியைத் தேடிப் போய் மாற்றுவதுதான் தர மேம்பாடு.

உதவிப் பேராசிரியர், கோவை: பிடிஎஸ்ஏ (திட்டமிடு, செய்துபார், ஆராய், அதன்படி நட என்னும் சுற்று), மீன்முள் படம் (ஒரு பிரச்சினையின் காரணங்களை மீன்முள் போலக் கிளை கிளையாக வரைவது) எல்லாம் ஸ்லைடு போட்டு நடத்தினேன். பரீட்சையில் நன்றாக எழுதுகிறார்கள், வார்டில் ஒன்றும் மாறவில்லை.

வகுப்பை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள் சார், மீதியை வார்டில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பேட்ச்சுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: பிரசவ அறையிலிருந்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அக்குளில் வெப்பநிலை பார்த்து, சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குழந்தை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் குழந்தை எங்கே குளிரும் என்றார்கள். ஒரே வாரத்தில் கோட்டுக்குக் கீழே புள்ளிகள் சேர்ந்துவிட்டன.

அப்புறம் யாரும் சொல்லாமலே பிரசவ அறையில் போய் நின்றார்கள். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. குழந்தையைத் துடைத்த ஈரத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார்கள். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனதில், சலவைத் துண்டு மதியம்தான் வருகிறது, இரவுப் பிரசவத்துக்கு இருப்பே இல்லை என்று தெரிந்தது. சிஸ்டர்களைத் திட்டி என்ன பயன்? பகல் ஷிப்ட்டில் மட்டும் குழந்தைக்குச் சூடு தரும் வார்மருக்குக் கீழே இரண்டு துண்டு எடுத்துவைத்துப் பார்த்தோம். அதுதான் ஒரு பிடிஎஸ்ஏ சுற்று. பகலில் பலித்தது. இரவில் அந்தத் துண்டுகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த பிறகுதான் நின்றன. அந்த இரவுத் தோல்வியில் பிள்ளைகள் கற்றது எந்த ஸ்லைடிலும் கிடைக்காது.

முதுநிலை மாணவி, சேலம்: மாற்றம் உண்மைதான் என்று எப்போது நம்பலாம்?

வாரத்துக்கு ஒரு புள்ளி, குளிர்ந்த குழந்தைகளின் விழுக்காடு என்று வையுங்கள். பழைய புள்ளிகளுக்கு மீடியன் கோடு, அதாவது பாதிப் புள்ளிகள் மேலேயும் பாதி கீழேயும் வரும் நடுக்கோடு போடுங்கள். அதன் பிறகு 6 புள்ளிகள் தொடர்ந்து கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. சரியாகக் கோட்டிலேயே விழும் புள்ளியை எண்ண வேண்டாம்.

செவிலியர், திருப்பூர்: போஸ்டிங் முடிந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். ஆரம்பித்த வேலை எங்கள் தலையில் விழுகிறதுங்க.

உங்கள் கோபம் நியாயம்தான் சிஸ்டர். சிஆர்எம்ஐ என்னும் கட்டாய ஹவுஸ் சர்ஜன் பயிற்சியே 12 மாதம்தான், அதில் ஒரு வார்டுக்குக் கிடைப்பது சில வாரங்கள். அதனால் திட்டம் வார்டின் பெயரில் இருக்க வேண்டும். நீங்களும் ஆயாம்மாவும் முதல் நாளே கூட உட்கார வேண்டும். சிவப்பு ஓரம் தைக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னதே ஓர் ஆயாம்மாதான். போகிற ஹவுஸ் சர்ஜன் நோயாளிகளை ஒப்படைக்கும்போது கிராஃப் தாளையும் ஒப்படைக்கட்டும்.

ஹவுஸ் சர்ஜன், நாமக்கல்: முதலில் எதை எடுக்கலாம் மேடம்?

புது ஆளோ புதுக் கருவியோ கேட்காத ஒன்றை எடுங்கள். மகப்பேறு வார்டில் இருந்தால், பிறந்து 1 மணி நேரத்துக்குள் எத்தனை குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கிடைத்தது என்று எண்ணலாம். பிறந்த நேரம் பிரசவ ரிஜிஸ்டரிலேயே இருக்கும். பக்கத்தில் இன்னொரு கட்டம் மட்டும் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.