மறைவு யார்டு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருக்கிறேன். 12 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பலகையில் எழுபதுகளின் எங்கள் ரயில் நிலையத்தை 1:87 அளவில் மாதிரி ரயில் அமைப்பாகச் செய்து வருகிறேன். காட்சிக்கு எட்டு அடி. வடகோடியில் ரயில்கள் கண்ணில் படாமல் நிற்பதற்கான யார்டுக்கு நான்கு அடி. அதில் ஐந்து தடங்களைப் பாயிண்ட் (ஒரு தடத்திலிருந்து இன்னொன்று பிரியும் தண்டவாளத் துண்டு) வைத்துப் பிரித்தேன். கடைசித் தடத்தில் என்ஜினோடு ஒரு பெட்டிகூட நிற்கவில்லை. தென்கோடியில் சன்னல் இருப்பதால் பலகையை நீட்டவும் முடியாது. யார்டை இரண்டு தடமாகச் சுருக்கிக் காட்சியைப் பெரிதாக்கு என்கிறார் நண்பர். அப்படிச் செய்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

செய்யாதீர்கள். நான்கு அடியும் ஐந்து தடமும் அப்படியே இருக்கட்டும். பாயிண்டுகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

நான் வளர்ந்த தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போடுவார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் சுவரை ஒட்டி ஒரு சேலையைக் கட்டினால் அதற்குப் பின்னால் ஒப்பனை இடம். அரசனாக உள்ளே போனவரே சற்று நேரத்தில் காவற்காரனாக வெளியே வருவார். ஆறு பேரை வைத்து ஓர் அரசவையையே காட்டிவிடுவார்கள். அந்தச் சேலைக்குப் பின்னால் இடம் போதாத ஆண்டுகளில் மேடையில் ஆள் வருவதற்கு வெகுநேரம் பிடிக்கும், கூட்டம் கலையத் தொடங்கிவிடும். மறைவு யார்டுக்கு என் மனத்தில் இருப்பது அந்த இடம்தான். வடக்கே அடுத்து வரும் கோலகங்சாரும் தைப்பிங்கும் உங்கள் பலகையில் அந்த நான்கு அடிக்குள்தான் இருக்கின்றன. இரண்டு தடம் மட்டும் இருந்தால் அதே இரண்டு ரயில்கள் மாறி மாறி வரும். ஒரு வாரத்தில் உங்களுக்கே சலித்துவிடும்.

பாயிண்ட் ஏன் இவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். தடங்களுக்கு இடையே 50 மில்லிமீட்டர் விட்டு, நான்கு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு என விலகும் குட்டையான பாயிண்டையே போட்டாலும், ஒவ்வொரு தடமும் முந்தையதைவிட 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்க முடியும். ஐந்தாவது தடத்துக்குப் போவதற்குள் 80 சென்டிமீட்டர் போய்விடும். உங்களிடம் இருப்பதே 122.

தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் உள்ள நம் மீட்டர் பாதையைக் காட்ட 12 மில்லிமீட்டர் தடம் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 20 மீட்டர் பெட்டி ஒன்று இந்த அளவில் 23 சென்டிமீட்டர் வரும். நான்கு பெட்டிக்கு 92. என்ஜினுக்கு 18 வைத்தால் மொத்தம் 110. நகரும் மேடை ஒன்று செய்தால் 122-உம் முழுமையாக ஒவ்வொரு தடத்துக்கும் கிடைக்கும். ஐந்து தடங்களையும் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே பலகையில் பதியுங்கள். அதன் இரு முனைகளுக்கும் அடியில் மேசை இழுப்பறைக்குப் போடும் இரும்புச் சறுக்கிகளைக் குறுக்காக வையுங்கள். முதல் தடத்திலிருந்து ஐந்தாவதற்கு மாற 20 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஆக மொத்தம் 45 சென்டிமீட்டர் அகலம் போதும், உங்கள் இரண்டு அடிக்குள் அடங்கிவிடும். உள்ளே வரும் பாதை அந்த 45-இன் நடுவில் அமைய வேண்டும். சுவரோரமாக வந்தால் மேடை சுவரில் முட்டும்.

மின்சாரத்துக்குப் பித்தளைத் தாழ்ப்பாள்தான் எனக்குப் பிடித்த வழி. ஒரு துருவத்தை எல்லாத் தடங்களுக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டு, மற்றதை அசையாத பக்கத்தில் பொருத்திய தாழ்ப்பாள் வழியாக அனுப்புங்கள். தடத்துக்கு ஒரு வளையம். தாழ்ப்பாள் விழுந்த தடம் மட்டும் உயிர் பெறும், மற்றவை அசையா. மேடை நகரும்போது ரயில் உருண்டு விழாமலிருக்க இரு முனைகளிலும் சிறு தடுப்பு வையுங்கள். நான் அதை நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, சிமெண்டுத் தரையில் ஓர் என்ஜினை இழந்தவன்.

இனி, உள்ளே போன ரயில் எப்படித் திரும்பும்? என்ஜின் சுவர்ப் பக்கம் அடைபட்டுக் கிடக்குமே. இதற்காக ஒரு தடத்தில் தனி என்ஜின் ஒன்றை எப்போதும் நிறுத்தி வையுங்கள். ரயில் இரண்டாம் தடத்தில் வந்து நிற்கிறது. மேடையை நகர்த்துகிறீர்கள். முதல் தடத்து என்ஜின் வெளியே வந்து நிற்கிறது. மேடையை மீண்டும் நகர்த்த, அது பின்னோக்கி வந்து பெட்டிகளின் மறுமுனையைப் பற்றிக்கொள்கிறது. பழைய என்ஜினின் கொக்கியைக் கழற்றி, அது நிற்கும் முனைக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், ரயில் கிளம்பிய பின் அது உள்ளே தனித்து நிற்கும், அடுத்த ரயிலுக்கு. கை எதையும் தூக்கவில்லை. இதைச் செய்யும்போது உண்மையான ரயில்வேயில் வேலை பார்ப்பதுபோலவே இருக்கும், இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அது. என்ஜினும் பெட்டியும் சேர்ந்து வெளியே நிற்க முடியாத குறுகிய இடங்களிலும் இது நடக்கும். என்ஜின் நீளம் மட்டும் வெளியே இருந்தால் போதும்.

சன்னல் பக்கம், ஈப்போவிலிருந்து வருவதற்கு, கழற்றி மாட்டும் ஒற்றைத் தடம் ஒன்று போதும். மெல்லிய பலகையில் இரண்டு அலுமினியக் கோணச் சட்டங்களை ஒட்டி, ஓட்டும் நாளில் மட்டும் தாங்கியில் வையுங்கள்.

ரயில் மறையும் இடத்தில் சுரங்கம் வைக்கும் ஆசை வரும். வேண்டாம். நம் பாதையின் சுரங்கங்கள் கோலகங்சாருக்கும் வடக்கே, பாடாங் ரெங்காஸைத் தாண்டி புக்கிட் பெராப்பிட்டில் இருப்பவை. நம் ஊரில் ரயிலை மறைத்தது பால்மரம், அதாவது ரப்பர் மரம்தான். நிரை பிடித்து நட்ட பால்மரங்கள், அவற்றுக்கு முன்னால் ரப்பர்த் தாள் உலர்த்தும் தோட்டத்துப் புகைவீடு. அதன் கூரைக்குப் பின்னால் கடைசிப் பெட்டி போய்விட்டால் ரயில் யார்டுக்குள் நுழையும் ஓட்டையை யாரும் தேட மாட்டார்கள்.

நம் ஈரக்காற்றில் பிளைவுட் வளையும். மேடைப் பலகையின் இரு பக்கமும் விளிம்புகளும் வார்னிஷ் குடிக்கட்டும். அது காய்ந்த பின் தண்டவாளம். தாழ்ப்பாள் வளையங்களைக் கடைசியாகத் திருகுங்கள், ஒவ்வொரு தடத்தையும் வெளிப்பாதையோடு கண்ணால் அல்ல, ஒரு பெட்டியை உருட்டிப் பார்த்து நேர்படுத்திய பிறகு.