நிழல் கழிக்கும் கை

வணக்கம். காபி பயிரிடும் பழங்குடிகளின் அறிவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பருவமே தப்பிப் போன பிறகு, பூவையும் எறும்பையும் பார்த்து மழை சொன்னவர்களின் அறிவு எதற்கு உதவும்? இயற்கை விவசாயத்தின் மேலுள்ள பிரியத்தில் பெரிதாக்கிச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நியாயமான கேள்வி. மழைக்குறிகள் பல பொய்த்துப் போகின்றன, அதை மறைக்க மாட்டேன். காபி மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாள் வாக்கில் தோட்டமே வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மழை இப்போது துண்டு துண்டாக வருவதால் ஒரே செடியில் பழமும் பச்சைக்காயும் பூவும் சேர்ந்து நிற்கின்றன, பறிக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது, எப்போதும் காய் கிடைப்பதால் காய்த்துளைப்பான் வண்டும் ஓய்வதில்லை. இதற்குப் பாட்டன் சொன்ன எந்தக் குறியும் உதவாது.

சரி, ஆனால் தெற்கு எத்தியோப்பியாவில் கெடியோ மக்களின் நிலத்தைப் பாருங்கள். 2023இல் யுனெஸ்கோ அதை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. மேலே பெரிய மரங்கள், நடுவில் வாழை மாதிரி இருக்கும் என்செட் (அவர்களுடைய முக்கிய உணவே அதுதான்), அதற்கும் கீழே காபி. வெயில் நேராக இலையில் இறங்காது, உதிர்ந்த சருகு மண்ணைக் காயவிடாது, காபி ஒரு வருடம் கைவிட்டாலும் வீட்டில் சாப்பாடு இருக்கும். அராபிகா என்ற காபி வகைக்குச் சராசரியாக 18 முதல் 22 டிகிரிதான் நன்றாக ஒத்துவரும். காட்டு மரத்தடியில் பிறந்த செடி அது, வெப்பம் ஏறும்போது அதற்குக் குடை வேண்டும்.

அதற்காக, நிழல் மரம் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலைத்துரு என்ற பூஞ்சை நோயின் வித்து முளைக்க இலையில் ஈரம் நிற்க வேண்டும், அடர்ந்த நிழல் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். எந்தக் கிளையை எப்போது, எவ்வளவு கழிப்பது என்பது அங்கேயே வளர்ந்தவர்களுக்குக் கையில் இருக்கிறது. கீழே நின்று, சருகின் மேல் விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்துக் கிளையை வெட்டுகிறவருக்கு, பருவம் மாறினால் வெட்டும் நாளையும் மாற்றிக்கொள்ளத் தெரியும். நான் பெரிதாகச் சொன்னது இதைத்தான். இயற்கை விவசாயச் சான்றிதழோ பெரும்பாலும் என்ன தெளித்தீர்கள், எதைத் தெளிக்கவில்லை என்றுதான் கேட்கிறது. இந்தக் கைக்கு அதில் மதிப்பெண் இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

வெப்பம் இன்னும் ஏறினால் நிழலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். அப்போது இன்னும் உயரமான சரிவுக்குப் போகச் சொல்வார்கள், அங்கே பல இடங்களில் இருப்பது காடு. அதை வெட்டிக் காபி வைப்பதை என்னால் ஏற்க முடியாது.