பீடிக் கடைக்குள் பீடி பிடிக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் ஒரு பீடிக் கம்பெனியின் கிளையில் கணக்கு எழுதுகிறேன். பெண்கள் சுற்றிய பீடியை ஒப்படைத்துவிட்டு இலையும் புகையிலைத் தூளும் வாங்கிச் செல்லும் அதே அறைக்குள் மேலாளரும், பீடியைச் சரிபார்த்து வாங்கும் செக்கரும் பீடி பிடிக்கிறார்கள். எனக்கு ஆஸ்துமா உண்டு. கேட்டால், "பீடிக் கடையில் பிடிக்காமல் வேறெங்கே பிடிப்பது?" என்று சிரிக்கிறார்கள். சட்டம் உதவுமா?

பதில்: சகோதரி, உதவும். பீடித் தொழில் நடக்கும் இடம் என்பதற்காக இதில் எந்த விலக்கும் கிடையாது. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. புகைபிடித்தல் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பீடியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பணியிடத்தையும் பொது இடமாகவே கொள்கின்றன. புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்கும் அனுமதி விமான நிலையங்களுக்கும், 30 அறைகள் கொண்ட தங்கும் விடுதிகளுக்கும், 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகங்களுக்கும் மட்டுமே உண்டு என்பதால், கிளையின் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்தாலும் அது செல்லாது.

புகைத்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். அது யாரையும் அசைக்காது என்று நீங்கள் எண்ணினால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த விதிகளில் உரிமையாளரைத் தொடும் பகுதி ஒன்று இருக்கிறது. நுழைவாயிலில் 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் எச்சரிக்கைப் பலகை வைப்பதும், புகாரைப் பெறுபவரின் பெயரை அனைவரும் காண எழுதி வைப்பதும், உள்ளே சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி போன்றவை இல்லாமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் கடமை. புகார் வந்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், நடந்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபராதத்தை அவரே கட்ட வேண்டும். ஆகவே வாய்மொழியாகச் சொன்னது போதாது. தேதியிட்ட எழுத்துப் புகார் வேண்டும்.

தனியார் பணியிடத்தில் அபராதம் விதிக்கும் அதிகாரம் அதன் நிர்வாகத் தலைவரிடமும் தரப்பட்டுள்ளது. உங்கள் கிளையில் வேலியே பயிரை மேய்வதால், மேலாளரை விடுத்துக் கம்பெனி உரிமையாளருக்கே ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பீடி கொண்டுவரும் பெண்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் உங்கள் பெயர் மட்டும் தனித்து நிற்காது. பதில் வராவிட்டால், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவின் நடவடிக்கையைக் கோரி அந்த நகலுடன் மனுக் கொடுக்கலாம்.

அவர்கள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பிடித்தால் நீங்கள் தடுக்க முடியாது. திறந்தவெளியைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. தூளின் நெடியும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதைத் தொழிலாளர் துறைக்குத் தனி மனுவாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டிவிடும்.