நாட்டுக்கு நெருக்கடி வரும்போது கூட்டு ஜெபத்தால் என்ன நடக்கும்?

நாடே ஆபத்தில் இருக்கும்போது கிறிஸ்தவர்கள் கூடி ஜெபித்தால் ஏதாவது மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நீரோடிப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய கடற்கரைக்காரன். கடவுள் காதில் விழுந்ததா என்று அளக்க என்னிடம் கோல் இல்லை. கூடியவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லலாம்.

பலரும் டன்கர்க்கைத்தான் காட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் ஜெர்மன் படையிடம் சிக்கிக்கொண்ட பிரான்ஸ் கடற்கரை அது. 1940 மே 26-ஐ பிரிட்டனில் தேசிய ஜெப நாளாக அனுசரித்தார்கள். ஜூன் 4-க்குள் சுமார் 3,38,000 வீரர்கள் மீட்கப்பட்டார்கள். ஆனால் ஜெர்மன் டாங்கிகளை நிறுத்திய உத்தரவு மே 24-லேயே வந்துவிட்டது. அதனால் அதை நான் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன்.

எனக்குப் பிடித்தது லைப்சிக். கம்யூனிஸ்ட் ஆட்சியில் கிழக்கு ஜெர்மனியில் இருந்த அந்த ஊரின் நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்காக ஜெபம். ஆரம்பத்தில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்ததும் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் சுமார் 70,000 பேர். பலர் கையில் மெழுகுவர்த்தி. ஒரு கையில் பிடித்து மறுகையால் காற்றை மறைக்க வேண்டும். கல்லெடுக்கக் கை ஏது? போலீஸ் சுடவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. பயம் போக அத்தனை திங்கட்கிழமைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

எங்கள் ஊர்ப் பக்கம் 2017 ஒக்கிப் புயல். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் எல்லாம் கோவில் முற்றத்தில்தான் கிடந்தன. ஜெபமாலை ஒரு பக்கம், கரை திரும்பாதவர்களின் பெயர்களைச் சேர்ப்பது மறுபக்கம். அப்புறம் டிசம்பர் 7 அன்று அதே கூட்டம், காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறையில் போய் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது.