எல்லோரும் கொரியன் சீரியல் பார்க்கும்போது, தமிழில் கதை, வசனம் எழுதப் படிப்பது சரியா?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பில் சேர்ந்து டி.வி.க்குக் கதை, வசனம் எழுதப் போவதாகச் சொல்கிறாள். ஆனால் ராத்திரி அவள் ஃபோனில் ஓடுவது கொரியன் தொடர். "எம் பொண்ணே தமிழ் சீரியல் பாக்க மாட்டேங்குறா. நாளைக்கு இவ எழுதுறதை யாருங்க பாப்பாங்க?" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான், ஐயா. ஆனால் உங்கள் வீட்டு ஃபோனில் ஓடுவதை வைத்து ஊர் ரசனையை முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்தியா முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று 'பார்க்' அமைப்பு கணக்கெடுக்கிறது. வியாழக்கிழமை வரும் டி.ஆர்.பி. என்று சின்னத்திரைக்காரர்கள் பதறுவது இதைத்தான். தமிழ்ப் பட்டியலில் மேலே நிற்பவை தமிழ் சீரியல்களும் தமிழ்ப் படங்களும்தான். 1993-இல் சன் டி.வி. வந்து இத்தனை வருடம் ஆகியும், மாலை நேர ஸ்லாட்டை வெளிநாட்டுத் தொடர் எதுவும் பிடிக்கவில்லை. ஃபோனில் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் அந்தப் பக்கம் போவது உண்மை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. நாட்டு எல்லை தாண்டும் நிகழ்ச்சி தன் மதிப்பில் ஒரு பங்கை வழியிலேயே இழக்கிறது என்று ஹாஸ்கின்ஸ், மைரஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் எழுதினார்கள். வசதி இருந்தால் மக்கள் தங்கள் மொழிக்கும் வாழ்க்கைக்கும் நெருங்கியதையே தேர்ந்தெடுப்பார்கள் என்று 1991-இல் ஜோசப் ஸ்ட்ராபார் காட்டினார். பிறகு ஏன் உலகமெங்கும் சேனல்கள் வெளிநாட்டுச் சரக்கு வாங்குகின்றன? விலைதான் காரணம். எடுத்த செலவில் பெரும்பகுதி சொந்த நாட்டிலேயே திரும்பிவிடுவதால், மற்ற நாடுகளுக்கு மலிவாகக் கொடுக்க முடிகிறது. அதை வாங்கி, கூட்டம் குறைந்த நேரத்தை நிரப்புகிறார்கள். ஜனம் உட்காரும் நேரத்துக்குச் சொந்தமாக எடுக்கிறார்கள்.

உங்கள் மகள் பார்க்கும் கொரியன் தொடரும் முதலில் கொரியாக்காரர்களுக்காக, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். 2023-இல் நெட்ஃப்ளிக்ஸ் நான்கு ஆண்டுகளில் கொரியாவில் 250 கோடி டாலர் போடப்போவதாக அறிவித்தது. கொரிய மண்ணிலேயே கதை எடுப்பதற்கான பணம் அது. பிக் பாஸ் தமிழையும் பாருங்கள். 1999-இல் நெதர்லாந்தில் பிறந்த நிகழ்ச்சி வடிவம், 2017-இல் இங்கே தமிழில் வந்தது. வடிவம் அவர்களுடையது, சண்டையும் சமாதானமும் தமிழில் நடந்ததால்தான் ஜனம் பார்த்தது.

வெளிநாட்டு நிகழ்ச்சிக்கு இங்கே நிஜமாகவே ஆள் இருக்கும் இடங்களும் உண்டு: குழந்தைகள் கார்ட்டூன், வனவிலங்கு நிகழ்ச்சி, இப்போது கொரியன் தொடர். சுட்டி டி.வி. குழந்தைகளைக் கட்டிப்போட்டது தமிழ்க் குரலால். புதுயுகம் சேனல் கொரியன் தொடர்களைத் தமிழ் டப்பிங்கில்தான் கொடுத்தது. எது வந்தாலும் நடுவில் தமிழ் எழுதும் ஒருவர் வேண்டியிருக்கிறது. டப்பிங் வசனம் எழுதுவது சாதாரண மொழிபெயர்ப்பு இல்லை. வாய் எங்கே மூடுகிறதோ அங்கே ப, ம மாதிரி உதடு சேரும் எழுத்து விழ வேண்டும். அவர்கள் பேசி முடிக்கும்போது நம் வாக்கியமும் முடிய வேண்டும். ஆனால் தமிழில் வினை கடைசியில் வரும். இங்கிலீஷில் முன்னாலேயே வந்துவிடும். கொரிய மொழியிலும் வினை கடைசியில்தான், வயசுக்கும் உறவுக்கும் ஏற்ற மரியாதைப் பேச்சும் உண்டு. அண்ணனை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். கொரியனிலிருந்து நேராகத் தமிழுக்கு எழுதத் தெரிந்தவருக்கு, இங்கிலீஷ் வழியாக வரும் மொழிபெயர்ப்பாளரைவிடப் பிடி அதிகம். உங்கள் மகளின் பொழுதுபோக்கை நான் ஒரு தகுதியாகவே பார்க்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: தமிழ் அவளிடம் உறுதியாக இருக்க வேண்டும்.

கஷ்டங்களையும் மறைக்கவில்லை. சீரியலில் சம்பளம் எபிசோடுக்கோ நாளுக்கோதான், பி.எஃப். எதிர்பார்க்க முடியாது. டி.ஆர்.பி. விழுந்தால் தொடரை முடித்துவிடுவார்கள். சப்டைட்டில் வேலையை இப்போது மெஷின் பாதி செய்கிறது, கூலி இறங்குகிறது. முதல் இரண்டு மூன்று வருடம் சென்னை வாடகைக்கு நீங்கள் கைகொடுக்க வேண்டிவரலாம்.

அதனால் கேமராவும் சாஃப்ட்வேரும் மட்டும் கற்றுத்தரும் பெரிய ஃபீஸ் அகாடமிகளில் பணம் கட்டாதீர்கள். ஃபிலிம் தயாரிக்க 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம், நம் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் உங்களுக்குத் தெரியும். நிரந்தர அரசு வேலை என்று எத்தனை குடும்பங்கள் அதை நம்பின! டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமுக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. கருவியை நம்பிய தொழில் கருவியோடு போகிறது. எழுதத் தெரிந்தவர் அடுத்த கருவிக்கு மாறிக்கொள்வார்.

கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் விஸ்காம் இருக்கிறது. சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், திரைக்கதைக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு, அரசுக் கட்டணம். என்னைக் கேட்டால், தமிழோ ஆங்கிலமோ இலக்கியம் எடுத்து, கூடவே கொரிய மொழி கற்றுக்கொள்வதும் விஸ்காமுக்குக் குறைந்ததில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்; பள்ளியில் கேளுங்கள். கோத்தகிரியிலேயே ஒரு சமூக வானொலி இருக்கிறது. லீவில் அங்கே போய் உதவி செய்யட்டும். மலைக்காரர்கள் பேசுவதைக் காதால் கேட்டுப் பழகட்டும்.

பரீட்சை முடிந்ததும் அவளுக்குப் பிடித்த தொடரில் ஒரு நிமிடக் காட்சியை எடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டு, வாயசைவுக்குத் தமிழ் வசனம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படம் ஓடும்போது பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். பாட்டி எங்கே "என்ன சொன்னா?" என்று கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்தட்டும். இரண்டு பிரதியையும் எனக்கு அனுப்பிவையுங்கள். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.