தைப்பூச அறையும் 48,000 புள்ளிகளும்

கேள்வி: செம்பனை ஆலைகளுக்கு இயந்திரப் பாகங்கள் விற்கும் நிறுவனத்தில் என் கணவர் பணிபுரிகிறார். வேலை நிமித்தமாகச் சபா, ஜோகூர் என்று தங்கித் தங்கி, மேரியட் விடுதிக் குழுமம் தங்குபவர்களுக்குப் புள்ளி கொடுக்கும் போன்வாய் திட்டத்தில் அவருடைய கணக்கில் 48,000 புள்ளிகள் சேர்ந்துள்ளன. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார். தைப்பூசத்துக்கு நாங்கள் வழக்கமாகப் பினாங்கு ஜாலான் பர்மா பக்கம் 160 ரிங்கிட் அறையில் தங்குவோம். இம்முறை 600 ரிங்கிட் அறையை இரவுக்கு 22,000 புள்ளிகளுக்கு எடுக்கலாம், இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் யோசிக்க வேண்டும் என்கிறார் அவர். வெளிநாட்டுப் பயணத்துக்குச் சேர்த்து வைக்கலாம் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை, ஆனாலும் உங்கள் கணவர் சரியான விடைக்குச் சற்று அருகில் நிற்கிறார்.

முதலில் அவருடைய "இலவசம்" என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். இந்த அறைக்குக் கொடுக்கும் 22,000 புள்ளிகளை வேறோர் இரவில் இன்னொரு அறைக்குக் கொடுத்திருக்கலாம் என்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலை உண்டு. அதைக் காண்பது கடினமன்று. திரையில் தெரியும் 600 ரிங்கிட்டோடு, பல விடுதிகள் வாங்கும் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தையும், 2024 மார்ச் முதல் அறைகளுக்கு 8 விழுக்காடாக உயர்ந்துள்ள சேவை வரியையும் சேர்த்தால், ஏறத்தாழ 710 ரிங்கிட் வரும். வெளிநாட்டவர் கட்டும் 10 ரிங்கிட் சுற்றுலா வரி மலேசியக் குடிமக்களுக்கு இல்லை. அதைச் சேர்க்க வேண்டாம். பணம் கட்டித் தங்கினால் பெரும்பாலான மேரியட் விடுதிகளில் ஓர் அமெரிக்க டாலருக்கு 10 புள்ளிகள் கிடைக்கும் என்பதால், புள்ளியில் தங்கும்போது நீங்கள் இழக்கும் சுமார் 1,400 புள்ளிகளையும் 22,000-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். 710 ரிங்கிட்டை 23,400-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 3 சென். இதே அறை சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எல்லாம் சேர்த்து 285 ரிங்கிட்டுக்கும் 20,000 புள்ளிகளுக்கும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி ஒன்றரை சென்கூடத் தேறாது. அறை விலை ஏறும் நாளில் புள்ளியையும் இறங்கும் நாளில் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இவ்வளவோடு நிறுத்தினால் உங்கள் கணவர் வென்றுவிடுவார். ஆனால் புள்ளி சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 710 ரிங்கிட் என்பது விடுதி கேட்கும் விலை. புள்ளிகளே இல்லாதிருந்தால் உங்கள் குடும்பம் ஓர் இரவுக்கு 710 ரிங்கிட் எடுத்துக் கொடுத்திருக்குமா? ஜாலான் பர்மாவுக்குத்தானே போயிருப்பீர்கள்? அப்படியானால் உங்கள் பையில் மிச்சமாவது 160 ரிங்கிட் மட்டுமே, அதை 22,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி முக்கால் சென்னுக்குத்தான் போகிறது. மிச்ச மதிப்பெல்லாம் மெத்தையிலும் நீச்சல் குளத்திலும் இருக்கிறது. அது வேண்டுமென்றால் தாராளமாக அனுபவியுங்கள், ஆனால் 700 ரிங்கிட் சேமித்ததாக உறவினரிடம் சொல்லாதீர்கள். காலையுணவையும் இந்தக் கணக்கில் ஏற்ற வேண்டாம். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் சோறும் மோரும் கொடுக்கும் நாளில், விடுதியின் காலையுணவை யார் தேடப் போகிறார்கள்?

மகளின் யோசனையில் உள்ள குறை வேறு. புள்ளி என்பது கடைக்காரர் தாமே அச்சடித்துக் கொடுத்த சீட்டு. அதற்கு எவ்வளவு அரிசி அளப்பது என்பதையும் அவரேதான் முடிவு செய்கிறார். எந்த விடுதிக்கு எத்தனை புள்ளிகள் என்று நிலையாக இருந்த அட்டவணையை மேரியட் 2022-இல் கைவிட்டது. அதன் பிறகு அறையின் விலைக்கேற்பப் புள்ளிகளும் ஏறி இறங்குகின்றன. வங்கிச் சேமிப்பைப்போல் இதற்கு வட்டியும் இல்லை. மேலும், 24 மாதங்கள் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் புள்ளிகள் காலாவதியாகிவிடும். நிறுவனச் செலவில் தங்கும் காலம் அடுத்த ஆண்டோடு முடிவதால், அந்த நடமாட்டத்துக்கு இனி நீங்கள்தான் சொந்தக் காசையோ புள்ளிகளையோ செலவிட வேண்டியிருக்கும். ஒரே விடுதியில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளியில் எடுத்தால் நான்குக்குக் கொடுத்தால் போதும் என்னும் சலுகை உண்மையிலேயே நல்லது. ஆனால் 48,000-ஐ நான்காகப் பிரித்தால் இரவுக்கு 12,000 வரும், அந்த அளவுக்கு மகள் மனத்தில் வைத்திருக்கும் ஊர்களில் அறை கிடைப்பது அரிது. ஓய்வுக்கு இன்னும் பத்தாண்டுகள் இருந்திருந்தால் நானும் அவள் பக்கம் பேசியிருப்பேன்.

ஆகவே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வெள்ளி ரதமும் தங்க ரதமும் புறப்படும் முதல் நாள் இரவுக்கும் தைப்பூச இரவுக்குமாக, அந்தப் பெரிய விடுதியில் ஓர் அறையை இன்றே புள்ளியில் பதிவு செய்துவிடுங்கள். புள்ளியில் கிடைக்கும் அறைகள் குறைவாகத்தான் இருக்கும், நாள் நெருங்கினால் கிடைக்காமல் போகலாம். எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் புள்ளிகள் முழுவதும் திரும்பி வரும் என்பது பதிவுப் பக்கத்திலேயே இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு அந்த அறை, கூடுதல் படுக்கைக்கு என்ன கட்டணம் என்பதையும் விடுதியை அழைத்துக் கேளுங்கள். அந்தக் கட்டணம் பெரும்பாலும் ரொக்கமாகவே கேட்கப்படும். பிறகு ஜாலான் பர்மாவில் வழக்கமாகத் தங்கும் இடத்தை அழையுங்கள். தைப்பூச நாள்களுக்கும் அவர்கள் 160 ரிங்கிட்டே சொன்னால், புள்ளி அறையை ரத்து செய்துவிட்டு அங்கேயே பணம் கட்டித் தங்குங்கள். புள்ளிகளை ஓய்வுக்குப் பின் 24 மாதங்களுக்குள், வேறு வழியின்றி விலை உயர்ந்த அறை எடுக்க நேரும் ஒரு கல்யாணத்துக்கோ மருத்துவமனைப் பயணத்துக்கோ பயன்படுத்தலாம். அறை இல்லை என்றாலோ, 400 ரிங்கிட்டுக்கு மேல் கேட்டாலோ, புள்ளி அறையை அப்படியே விட்டுவிடுங்கள். பதிவு உங்கள் கணவர் பெயரில் இருக்கும். அடையாள அட்டையோடு முகப்பில் வந்து நிற்க வேண்டியவர் அவர்தான், காவடிக் கூட்டத்தில் அவரைத் தொலைத்துவிடாதீர்கள்.