மடை எங்கே பழுது?

சென்ற இதழில் மூட்டு வலியைப் பற்றி எழுதும்போது, நடுவே நரம்பு சுருட்டலைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். மூட்டு வலியை விட்டுவிட்டு எல்லாரும் அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான். நாம் ‘நரம்பு’ என்று சொன்னாலும், காலில் சுருண்டு நிற்பது ரத்தக்குழாய். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. ஊர் வழக்கை மாற்றச் சொல்லவில்லை. 22 வருடமாகப் பாளையங்கோட்டையில் நானும் நோயாளிகளிடம் நரம்பு என்றுதான் பேசுகிறேன். இனி உங்கள் கடிதங்களும் என் பதில்களும்.

நான் திருநெல்வேலி டவுனில் பரோட்டா மாஸ்டர். வயது 41. 19 வருடமாகக் கல் முன்னால் நிற்கிறேன். இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது, ராத்திரி கெண்டை பிடித்து இழுக்கிறது. ஓர் இடத்தில் லேசர் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் பசை வைத்து ஒட்டலாம் என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஊசியே போதும் என்கிறார்கள். எதைச் செய்வது, டாக்டரம்மா?

அண்ணாச்சி, மூன்று இடத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அதில் யாராவது உங்களை நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றுதான் எனக்குக் கவலை.

பாளையங்கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ மேலே ஒரு மடை பழுதாகித் தண்ணீர் இஷ்டத்துக்கு இறங்கினால், கீழே வரப்பு உடையும். வரப்பை எத்தனை தடவை மண் போட்டு அடைத்தாலும், மடையைச் சரி செய்யும்வரை மறுபடியும் உடையும். காலிலும் அதே கதைதான். உள்பக்கக் கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஒரு நீளமான சிரை ஓடுகிறது. அதற்குள்ளே வழிநெடுக மேல்நோக்கி மட்டும் திறக்கிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைச்சதை ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும், கதவு அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கல் முன்னால் ஒரே இடத்தில் நிற்பதால் கெண்டைச்சதைக்கு வேலையே இல்லை. ரத்தத்தின் பாரம் முழுக்கக் கதவின்மேல் விழுகிறது. பெரும்பாலும் தொடை இடுக்கில் இருக்கிற கதவு ஒழுக ஆரம்பிக்கும், கெண்டையில் கயிறு புடைக்கும். கயிறு இருக்கிற இடத்தில் மட்டும் ஊசி போட்டால் அது வரப்பை அடைக்கிற வேலைதான்.

அதனால் முதலில், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன், அதுவும் நிற்க வைத்து. கெண்டையைக் கையால் அமுக்கிவிட்டு விடுவார்கள். ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அந்த இடத்தில் கதவு பழுது என்று அர்த்தம். உள்ளே ஆழத்தில் இருக்கிற பெரிய சிரைகளில் ரத்தக்கட்டி ஏதும் இல்லையா என்பதையும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும்.

சரி, இனி சிகிச்சை. லேசரில், முழங்கால் பக்கத்தில் ஊசித் துளை வழியாகச் சிரைக்குள்ளே மெல்லிய இழையை விட்டு, தொடை இடுக்குக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிறுத்தி, அங்கிருந்து சுட்டுக்கொண்டே பின்னால் இழுத்து வருவோம். ரேடியோ அலை முறையும் சூடுதான். குழாயின் முனையில் 7 செ.மீ. நீளத்துக்கு 120 டிகிரி செல்சியஸ் சூடு, ஒவ்வொரு தடவையும் 20 விநாடி. இரண்டிலும் சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை நிறைய ஏற்றுவோம். வலி தெரியாமல் இருக்க மட்டுமல்ல, சூடு தோலுக்கும் பக்கத்தில் இருக்கிற நிஜ நரம்புக்கும் (உணர்ச்சி நரம்பு) போகாமல் இருக்கவும் அதுதான் காப்பு. பசையில் சூடு கிடையாது, அதனால் அத்தனை ஊசிக்குத்தும் கிடையாது. ஆனால் செலவு கூடும், பசை உடம்புக்குள்ளேயே இருக்கும், சிலருக்குச் சிரை ஓடும் வழியெல்லாம் சிவந்து அரிக்கும். ஊசி என்று அவர்கள் சொன்னது, மருந்தைக் காற்றோடு அடித்து நுரையாக்கி உள்ளே செலுத்துவது. செலவு குறைவு. ஆனால் பெரிய சிரையில் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம்.

ஸ்கேனில் நான் சொன்ன அந்த நீளமான சிரைதான் பழுது, அது நேராக ஓடுகிறது என்று வந்தால் நான் லேசரோ ரேடியோ அலையோ செய்வேன். இரண்டில் எது என்று அலைய வேண்டாம், உங்கள் டாக்டருக்குக் கை பழகியது எதுவோ அதுவே நல்லது. இங்கிலாந்தில் நைஸ் என்ற அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முதலில் சூடு, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் முடியாதபோது கத்தி என்றுதான் வரிசைப்படுத்துகிறது. கெண்டையில் புடைத்திருக்கிற கயிற்றை அதே நாளில் 2, 3 மி.மீ. துளை வழியாகக் கொக்கியால் எடுத்துவிடலாம். தையல்கூடத் தேவைப்படாது.

அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போவீர்கள். நடக்கத்தான் வேண்டும், படுத்துக் கிடக்கக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் தொடைக்குள்ளே கயிறு இழுத்துக் கட்டியது போல இருக்கும், ரத்தம் கன்றிய நீலம் தெரியும், கொஞ்சம் மரமரப்பு இருக்கலாம். இதெல்லாம் போய்விடும். கெண்டை திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஓடி வாருங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாதது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு நான் ஒரு வாரம் லீவு சொல்கிறேன். அப்புறம் கல் முன்னால் நிற்கும்போது மணிக்குப் பத்து இருபது தடவையாவது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். மாவு பிசைகிற கை சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்க வேண்டாம். அடைத்த சிரை போனாலும், இதே வேலையில் இன்னொரு சிரை பிற்பாடு பழுதாக இடமுண்டு.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், பணம் கட்டும் முன்னால் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்? நாளைக்கு இதயத்தில் பைபாஸ் செய்யக் காலிலிருந்து நரம்பு எடுப்பார்களே, அதற்கு என்ன செய்வது? (ஓய்வுபெற்ற வாசகர், சேரன்மகாதேவி)

காலிலிருந்து மேலே போகிற ரத்தத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்தில் இருக்கிற சிரைகள் வழியாகத்தான் போகிறது. பழுதானதை அடைத்தால் அவற்றின் பாரம் குறையும். ஏற்கெனவே புடைத்துக் கோணலாகிப் போன சிரை பைபாஸுக்குப் பொதுவாக உதவாது. நல்ல சிரையை நாங்கள் தொடுவதில்லை.

இரண்டாவது குழந்தை பிறந்து 8 மாதம். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஊதா நிறத்தில் சிலந்தி வலை மாதிரி கோடுகள். வலி இல்லை. கிரீம் தடவுகிறேன், போகவில்லை. இது நரம்பு சுருட்டலின் ஆரம்பமா? (வாசகி, களக்காடு)

பயப்படாதே தங்கச்சி. இவை 1 மி.மீ.க்கும் குறைந்த, தோலிலேயே இருக்கிற நுண்ணிய குழாய்கள். உயிருக்கோ காலுக்கோ ஆபத்து இல்லை. கால் கனம், வீக்கம் எதுவும் இல்லாவிட்டால் சிகிச்சை கட்டாயமும் இல்லை. கிரீமால் அழியாது, அந்தக் காசைச் சேர்த்து வை.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானாகவே கொஞ்சம் மங்கும். பால் கொடுக்கிற வரை ஊசி வேண்டாம். அதற்குப் பிறகும் மனதை உறுத்தினால், முடி போன்ற ஊசியால் பாலிடோகனால் என்ற மருந்தை அந்தக் கோடுகளுக்குள்ளேயே செலுத்தலாம். சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும். போட்ட இடத்தில் பழுப்புத் தழும்பு சில மாதம் நிற்கலாம் என்பதை முதலிலேயே தெரிந்துகொள். தோலுக்கு மேலிருந்து பாய்ச்சும் லேசரும் உண்டு. நம் மாநிறத் தோலில் அது நிறத்தை மாற்றிவிடும் ஆபத்து கூடுதல் என்பதால் கால் கோடுகளுக்கு நான் முதலில் ஊசியைத்தான் சொல்வேன்.

வண்ணார்பேட்டையில் துணிக்கடையில் சேல்ஸ் வேலை. வயது 26. அம்மாவுக்கும் நரம்பு சுருட்டல் உண்டு. எனக்கு இப்போதே சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையை, அதான் ஸ்டாக்கிங்ஸை, இந்த வெயிலில் போட முடியவில்லை.

நெல்லை வெயிலில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அறுவை அரங்கில் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். முழங்கால் வரை இருப்பதே போதும், தொடை வரை வேண்டியதில்லை. விரல் திறந்த வகையாக வாங்கு. காலையில் வீக்கம் ஏறும் முன்னால் கணுக்காலையும் கெண்டையையும் அளந்து வாங்க வேண்டும், கடையில் கிடைக்கிற ஏதோ ஓர் அளவு உதவாது. எழுந்ததும் போடு, படுக்கும்போது கழற்று. ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், மாற்று. ஆனால் ஸ்டாக்கிங்ஸ் வீக்கத்தைத் தடுக்குமே ஒழிய, பழுதான கதவைச் சரி செய்யாது. அம்மாவுக்கு இருப்பதால் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துவிடு.

இன்னொன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று சட்டமே சொல்கிறது. இருக்கை கேட்பதை உன் முதலாளி சலுகை கேட்பதாக நினைக்கக் கூடாது. இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள். உன்னோடு நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டு.

அம்மாவுக்கு 62 வயது. வீரவநல்லூரில் இருக்கிறார். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்து, புண் வந்து 4 வருடம் ஆகிறது. ஆறும், மறுபடி வரும். சர்க்கரையும் உண்டு. சர்க்கரைப் புண் ஆறாது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

தம்பி, இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

என் ஆச்சிக்கு அதே இடத்தில் 11 வருடம் புண் இருந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் நாற்று நட்டுச் சேற்றில் நின்ற கால். ஒரு மருத்துவமனையில் வாரா வாரம் கட்டு மாற்றி அனுப்புவார்கள். சேலையை முழங்கால் வரை தூக்கச் சொல்லி ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மேலே புடைத்து நின்றது தெரிந்திருக்கும். வாடை வருகிறது என்று ஆச்சி கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் கோயிலுக்கும் போகவில்லை. வீட்டில் கட்டு அவிழ்ப்பது என் வேலை. அந்தக் காலத்திலேயே கத்தி வைத்துச் செய்யும் அறுவை இருந்தது என்பதை நான் படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது ஆச்சி இல்லை.

உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புண்ணும் சர்க்கரையால்தான் வந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்திலும் விரலிலும் வரும். உள்கணுக்காலுக்கு மேலே, சுற்றிலும் தோல் கறுத்து வருவது சிரைப் புண்ணின் குணம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் இரண்டு பரிசோதனை வேண்டும். முதலாவது, காலுக்கு வருகிற ரத்தம் சரியாக வருகிறதா என்று பாதத்து நாடியையும் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பது. அது குறைவாக இருக்கிற காலில் இறுக்கிக் கட்டுப் போட்டால் காலுக்கே ஆபத்து. இரண்டாவது, மேலே சொன்ன டாப்ளர். வரத்து சரியாக இருந்தால், பல அடுக்கு அழுத்தக் கட்டோடு சேர்த்து, ஒழுகும் சிரையையும் சீக்கிரமே அடைத்துவிட வேண்டும். புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று முன்பு சொல்வோம். 2018-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு அதை மாற்றிவிட்டது. 450 பேரைப் பார்த்தார்கள். சிரையை உடனே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப் போட்டவர்களுக்கு அதே அளவு ஆற 82 நாள் ஆனது. மரத்துப்போகும் ஊசியிலேயே முடிகிற வேலை இது. 62 வயதும் சர்க்கரையும் தடையே இல்லை.

இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் புண்ணை மட்டும் பார்த்தால், தொடை வரை பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அட்டை விட்டால் கெட்ட ரத்தம் போய் நரம்பு சுருங்கிவிடுமா? (கடையம் வாசகர்)

அட்டை ரத்தத்தை உறிஞ்சும்போது வீக்கமும் இறுக்கமும் கொஞ்ச நேரம் குறைவது உண்மைதான். ஆனால் மேலே கதவு ஒழுகிக்கொண்டே இருப்பதால் மறுபடி நிறைந்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்துகொள்ளவே வேண்டாம். புடைத்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பதும் கூடாது.

படித்துறையில் குளிக்கும்போது அம்மாவின் கணுக்காலில் இருந்த புடைப்பு உடைந்து ரத்தம் பீய்ச்சி அடித்தது. துண்டால் முழங்காலுக்கு மேலே இறுகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம். செய்தது சரியா? (வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதறாமல் ஓடினீர்களே, அதுவே பெரிது. ஆனால் மேலே கட்டியது தவறு. கட்டினால் ரத்தம் திரும்பிப் போகும் வழி அடைபட்டு, உடைந்த இடத்தில் இன்னும் வேகமாக வரும். உடனே படுக்க வைக்க வேண்டும். காலை நெஞ்சுக்கு மேலே வரும்படி தூக்கிப் பிடித்து, உடைந்த இடத்திலேயே சுத்தமான துணியை வைத்து 15 நிமிடம் அழுத்த வேண்டும். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். நின்ற பிறகும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு தடவை உடைந்தது மறுபடி உடையும், அந்தச் சிரையை அடைத்தே ஆக வேண்டும். தனியாகக் குளிக்கும் வயதானவர்கள், நின்றபடியே ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்து மயங்கி விழுந்து இறந்ததும் உண்டு. அதனால் வீட்டில் ஒரு தடவை அம்மாவைப் படுக்க வைத்துச் செய்து காட்டுங்கள். படித்துறையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று பார்க்காமல், அந்த இடத்திலேயே படுத்துக் காலை மேல்படியில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.